காப்புத் தகட்டுக்குப் பின்னால் வைத்த கம்பி வலை

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோணலாகத்தான் இருக்கும். ல, ள, ழ மூன்றில் எது வரும் என்று ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று யோசிக்க வேண்டும். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் இரும்புத் தகட்டில் சாக்கட்டியால் போட்ட அளவுகள்தான். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

சிங்கப்பூர் எல்லைக்கு இந்தப் பக்கம், மாசாயில் குடியிருக்கிறேன். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரிகளுக்குப் பின்பெட்டி கட்டும் ஒரு பட்டறையில் வெல்டர் வேலை. நாலு பேர் கூடினால் நான் ஓரமாகப் போய் நிற்பேன். கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு யாரிடமும் சொல்லாமல் வந்துவிடுவேன். பேச்சு வராது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் நான் வேறு ஆள். என் பழைய காப்சாயை, அந்தச் சின்ன மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு, மூன்று கூட்டாளிகளோடு செம்பனைத் தோட்டத்து மண்சாலைகளுக்குப் போவேன். விடுமுறை நாள் சேர்ந்து வந்தால் தூரத்துச் சாஆ ஊர் வரைக்கும் போவோம். சேறும் மேடும் வந்தால் மற்ற மூவரும் மோட்டாரை நிறுத்திவிட்டு நான் எந்தப் பக்கம் ஏறுகிறேன் என்று பார்ப்பார்கள். என்னை ஆட்கள் பார்த்து நின்ற இடம் உலகத்திலேயே அது ஒன்றுதான்.

போன வருடம் என் மைத்துனன் புது மோட்டார் எடுத்தான். மனைவிக்கு ஒரே தம்பி. கெலாங் பாத்தாவில் வீடு, தினமும் இரண்டாவது பாலம் தாண்டி சிங்கப்பூரில் வேலை. தார்ச்சாலையிலும் ஓடும், காட்டிலும் ஓடும் என்று விற்கிறார்களே, அந்த வகை. இருநூற்றைம்பது சிசி. என் இடுப்புக்கு மேல் வரும் இருக்கை, கொக்கு மூக்கு மாதிரி நீட்டிய முன் மட்காட். மாதா கோயில் வாசலில் பாதர் அதற்குத் தீர்த்தம் தெளித்து ஜெபம் சொன்னார். பெட்ரோல் டாங்கியின் மேல் நின்ற தண்ணீரை என் மனைவி தன் துப்பட்டா முனையால் ஒற்றி எடுத்தாள். பன்னிரண்டு வருடமாக என் காப்சாயின் பின்னால் உட்கார்ந்து வருகிறவள். ஒரு நாளும் அதை ஒரு துணியால் தொட்டதில்லை. நான் பக்கத்தில் தலைக்கவசத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அத்தான், அடுத்த வாரத்துலருந்து நானும் உங்ககூட தோட்டத்துக்கு வர்றேன்," என்றான். "சாமான் எல்லாம் ஆர்டர் போட்டுட்டேன். உங்க வீட்டுக்குத்தான் வரும். நீங்கதான் மாட்டித் தரணும்."

சரி என்றேன். வேறு என்ன சொல்வது?

பெட்டி பெட்டியாக வந்தது. இஞ்சினுக்கு அடியில் கல் அடிக்காமல் இருக்க அலுமினியத் தகடு. விழுந்தால் பிரேக் பிடி ஒடியாமல் இருக்க கைக்காப்பு. பக்கத்துக்குக் குழாய்ச் சட்டம். சேற்றில் பிடிக்கிற கட்டை கட்டையான டயர். மூன்று சனிக்கிழமைகள் என் வீட்டு வாசலில் உட்கார்ந்து மாட்டினேன். என் காப்சாயின் அடித்தகடு ஒரு லாரிக் கதவிலிருந்து நானே வெட்டியது. நான்கு தடவை வளைத்து, சுத்தியலால் அடித்து, அப்படியும் ஒரு பக்கம் உரசிக்கொண்டே இருக்கும். அவனுடைய தகடு ஒரே தள்ளலில் போய் உட்கார்ந்தது. எண்ணெய் வடிக்கும் போல்ட்டுக்கு நேராக அளவாக ஓட்டை. போல்ட் ஒவ்வொன்றும் விரலாலேயே உள்ளே சுழன்றது. ஒரு போல்ட்டைப் பார்த்து ஒரு மனிதன் பொறாமைப்படுவானா? நான் பட்டேன்.

அவன் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருப்பான்.

"இது எதுக்கு அத்தான்?"

"ஃபோர்க்குக்கு ரப்பர் உறை. சேறு உள்ளே போனா எண்ணெய் கசியும்."

"அலமாக், இதெல்லாம் எங்கே படிச்சீங்க?"

"விழுந்துதான்."

அவன் சிரித்தான். சமையல்கட்டிலிருந்து என் மனைவி, "என்கிட்ட ஒரு நாள்ல இவ்வளவு பேச மாட்டாரு," என்றாள். தம்பி வந்தால்தான் அவள் குரலில் அந்தத் துள்ளல் வரும். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

கடைசிப் பெட்டியில் ரேடியேட்டர் காப்பு இருந்தது. என் காப்சாய்க்கு ரேடியேட்டரே கிடையாது. காற்றிலேயே குளிரும் இஞ்சின். புது மோட்டாருக்கு முன்னால் ஒரு பக்கம் ரேடியேட்டர். அதன் மேல் மாட்ட, அகலமான துவாரங்கள் வைத்த ஒரு தகடு. நல்ல வேலைப்பாடு. மாட்டிவிட்டு எழுந்திருக்க வேண்டியதுதான். ஆனால் அந்த மோட்டாரில் என் கை செய்த பொருள் என்று ஒன்றுமே இல்லை. எல்லாம் பெட்டியில் வந்தது. நான் வெறும் ஸ்பேனர் பிடித்தவன்.

"இந்த ஓட்டை பெருசு," என்றேன். "கல்லு உள்ளே பூந்துடும்."

"அப்ப என்ன செய்யலாம்?"

வீட்டு ஜன்னலுக்குக் கொசு வராமல் அடிக்கிற நுண்ணிய கம்பி வலையில் ஒரு துண்டு மிச்சம் கிடந்தது. அதை அளவாக வெட்டி, ஓரம் மடித்து, காப்புத் தகட்டுக்குப் பின்னால் வைத்து முறுக்கினேன். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

தெரியாமல் செய்த தப்பு என்றால் இதை நான் எழுதவே மாட்டேன். எங்கள் பட்டறைக்கு வரும் லாரிகளில் ஓட்டுநர்கள் சிலர் இதே மாதிரி வலை கட்டிக்கொண்டு வருவார்கள். சேறும் செம்பனை நாரும் அதில் அப்பி, காற்றே போகாமல் இஞ்சின் கொதிக்கும். எத்தனையோ வலைகளை நானே வெட்டி எறிந்திருக்கிறேன். அன்று முறுக்கும்போதும் அது நினைவுக்கு வந்தது. கை நிற்கவில்லை. ஒன்றும் ஆகாது என்று ஒரு மனம் சொன்னது. ஏதாவது ஆனாலும் ஆகட்டுமே என்று இன்னொன்று சொன்னது. இரண்டாவது மனம் சொன்னதைத்தான் நான் கேட்டேன்.

முதல் இரண்டு ஞாயிறும் மழை இல்லை. அவன் எனக்கு முன்னால் போனான். நான் பத்து வருடமாகப் பழகிய மேட்டில் அவன் ஒரே முறுக்கில் ஏறிவிட்டு மேலே நின்று கையாட்டினான். கூட்டாளிகள் அவன் டயரைத் தொட்டுப் பார்த்தார்கள். அவன் மோட்டாரோடு படம் எடுத்துக்கொண்டார்கள். நான் மேட்டில் ஏறியதை யாரும் பார்க்கவில்லை.

மூன்றாவது ஞாயிறு சாஆவுக்குப் போனோம். முந்தின நாள் நல்ல மழை. லாரி போய்ப் போய்ப் பள்ளம் விழுந்த பாதை, செம்மண் கூழாகிக் கிடந்தது. அவன் என் சக்கரத்துக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்தான். என் டயர் வாரி எறிந்த சேறு முழுவதும் அவன் முன்பக்கத்தில் அடித்தது. அரை மணி நேரம் இருக்கும். பின்னால் ஹார்ன் சத்தம். திரும்பினால் அவன் கீழே இறங்கி நிற்கிறான். மோட்டாரிலிருந்து ஆவி.

"சிங்கப்பூர் வெள்ளிக் காசு கொதிக்குதுடா," என்றான் ஒரு கூட்டாளி.

"மைலோ பாக்கெட் இருந்தா கொண்டாங்க லா, சுடுதண்ணி ரெடி," என்றான் இன்னொருவன்.

எல்லோரும் சிரித்தார்கள். மைத்துனனும் சிரிக்கப் பார்த்தான். முகம் ஒத்துழைக்கவில்லை. நான் போய் மோட்டாருக்கும் மற்றவர்களுக்கும் நடுவில் குந்திக்கொண்டேன். காப்புத் தகட்டுத் துவாரங்களுக்குள்ளே வலை சுவர் பூசினது போல் அடைத்திருந்தது. யாரும் பார்ப்பதற்குள் போத்தல் தண்ணீரை ஊற்றி மேல்சேற்றை வழித்தேன். பிறகு நைலான் கயிறு கட்டி, என் காப்சாயால் அவனைப் பெரிய பாதை வரைக்கும் இழுத்து வந்தேன். அந்த இரண்டு மைல் எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? என் கல்யாணத்தன்றுகூட அவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்ததில்லை.

மறுநாள் மாலை, வேலை முடிந்து அவன் நேராக எங்கள் வீட்டுக்கு மோட்டாரை ஓட்டி வந்தான். முந்தின நாள் பெரிய பாதையில் ஆறவிட்டு, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றியதும், நிறுத்தி நிறுத்தி வீடு வரை அது ஓடியிருந்தது. இஞ்சினுக்குச் சேதம் இல்லை. ஆனால் அவன் இறங்கிய விதம் வேறாக இருந்தது.

"மோட்டாரைக் கொடுத்துடலாம்னு இருக்கேன் அத்தான். எனக்கு ஓட்டத் தெரியலே. கியர் தப்பா போட்டு இஞ்சின வதைக்கிறேன் போல. நீங்க ஓட்டுனா இப்படி ஆவாது." மோட்டாரிலிருந்து சாவியை உருவினான். "வெளி ஆளுக்குக் கொடுக்க மனசு வரலே. நீங்களே வச்சுக்குங்க. பணம் என்ன முடியுதோ மெதுவா கொடுங்க."

சாவியை என் கையில் வைத்தான். அவன் உள்ளங்கைச் சூடு அதில் இருந்தது. ஒரு வார்த்தை பேசாமல் இருந்தால் போதும், அந்த மோட்டார் எனக்கு. பேசாமல் இருப்பது எனக்குக் கைவந்த வேலை.

ஆனால் அவன் தன் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டு நின்றான். தான் ஓட்டத் தெரியாதவன் என்று அவனே நம்பிவிட்டான். அதை என்னால் பார்க்க முடியவில்லை. நான் ஸ்பேனரை எடுத்துக் காப்புத் தகட்டைக் கழற்றினேன். வலை காய்ந்த செங்கல் மாதிரி கையோடு வந்தது. அவன் கையில் கொடுத்தேன்.

"உன் ஓட்டு இல்லே. இதுதான்."

திருப்பித் திருப்பிப் பார்த்தான். "தெரியாம வச்சிட்டீங்களா?"

"தெரியும்."

"தெரிஞ்சேவா?"

"ஆமா."

"ஏன் அத்தான்?"

மோட்டாரைப் பார்த்தேன். அவனும் மோட்டாரைப் பார்த்தான், பிறகு என் காப்சாயைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. உள்ளே என் மனைவி கோப்பைகளை எடுக்கும் சத்தம் கேட்டது. அவன் சட்டென்று வலையைச் சேறோடு தன் பைக்குள் திணித்தான்.

"அக்காகிட்ட சொல்லாதீங்க," என்றான் மெதுவாக. "வருத்தப்படும்."

என் கையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டான். மனைவி கொண்டுவந்த தேநீரைக் குடித்தான். "அத்தான் கோளாறைக் கண்டுபிடிச்சிட்டாரு அக்கா, சின்ன அடைப்புதான்," என்றான். அவள் என்னைப் பெருமையாகப் பார்த்தாள். அவன் போனான்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை வருகிறான். முன்போலத்தான் பேசுகிறான். மோட்டார் கொதிப்பதில்லை. சேற்றுப் பாதையும் பழகிவிட்டான், பெரும்பாலும் அவன்தான் முன்னால் போகிறான். அவன் இரண்டு அறை விட்டிருந்தால் நான் வாங்கிக்கொண்டு மறந்திருப்பேன். அன்று அக்காவிடம் அவன் என்னைக் காப்பாற்றினானே, அந்த மனசு எனக்கு ஏன் இல்லாமல் போயிற்று? மோட்டாரைவிட அதைப் பார்த்துத்தான் இப்போது அதிகம் பொறாமைப்படுகிறேன்.

மனைவி அந்தப் பெருமையை இன்னும் விடவில்லை. பூசை முடிந்து பெண்கள் பேசிக்கொண்டு நிற்கும்போது, தம்பி மோட்டாரை நான் சரி செய்த கதையைச் சொல்கிறாள். போன வாரமும் சொன்னாள். வாயால் என்னால் அவளிடம் சொல்ல முடியாது, முயன்று பார்த்துவிட்டேன். அதனால்தான், முகம் தெரியாத யாருக்கோ சொல்வது போல இதை எழுதினேன். அவள் சந்தையிலிருந்து வந்ததும் இந்தத் தாள்களைக் கையில் கொடுத்துவிடுவேன்.

மாசாய், 17 நவம்பர் 2024, ஞாயிற்றுக்கிழமை.