ஹம்சா அக்காவின் பாதிப் பூஜ்யம்

ஹம்சா அக்காவோடு காய்கறி வாங்கப் போவதைவிடப் பெரிய தண்டனை ஹைதராபாத் காஞ்சன்பாக்கில் கிடையாது. தராசில் கத்தரிக்காய் ஏறுவதற்கு முன்பு வெறும் தட்டு பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்தே தீருவார். கடைக்காரர் என்னை முறைப்பார். டாக்டரின் எடை மெஷினையும் அவர் விட்டதில்லை.

எங்கள் தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் வேலை அவருக்கு. முள் பூஜ்யத்தில் நிற்காவிட்டால் அக்காவுக்குச் சோறு இறங்காது.

அந்தப் பூஜ்யம் எங்கிருந்து வந்தது என்று ஒரு கதை வைத்திருந்தார். மதியம் டப்பாவைத் திறந்ததும் ஆரம்பிப்பார். சமஸ்கிருதத்தில் சூன்யம், அதாவது வெறுமை என்பார். உடனே கூட வேலை செய்யும் ஸ்ரீலேகா, "சுன்னா மாதி, மேடம்!" சுன்னா எங்களுடையது என்று தெலுங்குக்கு உரிமை கொண்டாடுவாள். நான் சும்மா இருப்பேனா? பழைய தமிழில் பத்துக்கும் நூற்றுக்கும் தனி எழுத்தே உண்டு, எங்களுக்குப் பூஜ்யமே தேவைப்படவில்லை என்பேன். அதையும் தாண்டி, அரபுக்காரர்கள் சூன்யத்தை மொழிபெயர்த்து சிஃபர் என்றார்கள் என்று வந்தால், வாணியம்பாடி சபீனா அக்கா டப்பாவை ஓங்கி வைத்து, உருது கலந்து கத்துவார்.

"கைக்கு? ஏன் இப்படிப் பேசறே? சிஃபர் இல்லேன்னா உன் சூன்யம் ஊரைத் தாண்டியிருக்குமா?"

சண்டை சூடு பிடிக்கும்போது சங்கு ஊதிவிடும். கதை ஒருநாளும் அரேபியாவைத் தாண்டியதில்லை.

ஓய்வு பெறும் நாளில் அக்காவுக்கு மைக் கிடைத்தது. "இன்னைக்காவது முழுசா சொல்லிடணும்" என்று காலையிலிருந்தே புலம்பல். அரேபியா வரைக்கும் வந்துவிட்டார். சபீனா அக்காகூட வாயைத் திறக்கவில்லை. அந்த நேரம் பார்த்தா பிரியாணி அண்டா வர வேண்டும்? மூடியைத் திறந்த பிறகு ஹைதராபாத்தில் யார் உட்கார்ந்திருப்பார்கள்? நானும்தான் ஓடினேன்.

திரும்பிப் பார்த்தால், காலி நாற்காலிகளுக்கு முன்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. சபீனா அக்கா இரண்டு தட்டுகளோடு போய் முன்வரிசையில் உட்கார்ந்தார்.

"சொல்லு ஹம்சா. அப்புறம்?"

"முதல்லேர்ந்தா?"

"நக்கோ! சிஃபர்லேர்ந்து."

"சிஃபர் லத்தீனுக்குப் போய் 'செஃபிரும்'னு ஆச்சு. இத்தாலிக்காரங்க அதைச் சுருக்கிச் சுருக்கி ஜீரோன்னாங்க. அவ்வளவுதான்."

"இவ்வளவுதானா? இதுக்கா இத்தனை வருஷம் தொண்டை கிழியக் கத்தினேன்?"

"நீ விட்டிருந்தா முதல் வாரமே முடிச்சிருப்பேனே."

சபீனா அக்கா சாப்பிடாமல் பிரியாணியைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கும் விட்டிருக்கக் கூடாது," என்றார். "திங்கக்கிழமை நான் யார்கூடச் சண்டை போடுவேன்?"