நங்கூரத்தில் நின்ற கப்பலுக்குத் தண்ணீர்

பிராங்பேர்ட்டில் ஒரு வங்கியில் தடைப்பட்டியல் பார்ப்பது என் வேலை. செங்கடலில் வணிகக் கப்பல்களைத் தாக்கும் ஆயுதக்குழுவுக்குப் பணம் போய்ச் சேரக் கூடாது. பட்டியலில் உள்ள கம்பனியின் பெயர் தென்பட்டால் அந்தக் கொடுப்பனவை நிறுத்திவிடுவேன். அதில் எனக்கு ஒரு ருசி இருந்தது, மறைப்பதற்கில்லை. அந்தக் குழுவின் ஏவுகணைதான் என் அக்காவின் கணவருக்கு இடது காலை இல்லாமல் செய்தது. அத்தான் சரக்குக் கப்பலில் இயந்திரம் பார்த்தவர். இப்போது எங்களோடு இருக்கிறார்.

போன கோடையில் என் திரையில் ஒரு பில் வந்து நின்றது. குடிதண்ணீர், அரிசி, வெங்காயம். அந்தக் குழுவுக்காக எண்ணெய் ஏற்றிப் பட்டியலில் விழுந்த முதலாளியின் கப்பல். எந்தத் துறைமுகமும் உள்ளே விடாமல், மாலுமிகளோடு வெளியே நங்கூரத்தில் கிடந்தது. உணவும் தண்ணீரும் என்றால் விதிவிலக்குக் கேட்டு அரசுக்கு ஒரு பக்க அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், எழுதலாம். நான் எழுதாமல் கொடுப்பனவை நிறுத்திவைத்தேன். கேட்காத எதையும் ஜெர்மன்காரனுக்கு எழுதிக் கொடுக்காதே என்று அகதி வழக்குக் காலத்தில் அப்பா எங்களுக்குப் பழக்கியிருந்தார். அதையே சாட்டாகச் சொல்லிக்கொண்டேன். உண்மையில், அவர்களும் கொஞ்சம் காயட்டும் என்றுதான் நினைத்தேன்.

அன்று மாலை தேநீரோடு இதைப் பெருமையாகச் சொன்னேன்.

“எத்தினை பேர் கப்பலிலை?” என்று அத்தான் கேட்டார்.

“பதினாலு. உங்கடை காலை எடுத்தவங்களுக்கு உழைச்ச கப்பல், அத்தான்.”

“தன்ரை சாரத்தைக் கிழிச்சு என்ரை காலைக் கட்டினவன் எங்கடை கப்பல் சமையல்காரன். கப்பல் முதலாளி ஆர் எண்டே அவனுக்குத் தெரியாது. நாளைக்கு அந்த அன்ட்ராக்கை எழுது.”

“பாப்பம்,” என்றேன்.

பார்க்கவில்லை. ஒரு வாரம் இழுத்தடித்துவிட்டு எழுதினேன். அனுமதி வந்து, தண்ணீர்ப் படகு போனபோது பதின்மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் தாகம் தாங்காமல் கடல்நீரைக் குடித்து இறந்துபோயிருந்தார். விதிப்படி நான் செய்ததில் பிழையில்லை என்றார் மேலாளர்.

வீட்டில் சொன்னேன். அத்தான் ஏசவில்லை. எழும்பிய அக்காவை இருக்கச் சொல்லிவிட்டு, ஊன்றுகோலோடு குசினிக்குப் போய் ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். எனக்குப் பத்து வயதானதிலிருந்து என்னை நீ, வா, போ என்று அழைத்தவர்.

“களைச்சுப்போய் வந்திருக்கிறீங்கள். குடியுங்கோ,” என்றார்.

இன்றுவரை ஒவ்வொரு மாலையும் கொண்டுவந்து வைக்கிறார். கடைசி மிடறு இறங்கும்வரை பார்த்துக்கொண்டு நிற்கிறார்.