ஷாட் என்று சொன்னது நான்

வாயில் புற்றுநோய் வந்த அப்பாவுக்குப் பெங்களூரில் கரண்ட் வைத்தார்கள், கதிர்வீச்சு சிகிச்சைதான். அதில் வாயெல்லாம் புண்ணாகிக் கஞ்சிகூட உள்ளே இறங்கவில்லை. அங்கிருந்த பல் டாக்டரம்மா, லேசர் லைட்டைப் புண்ணில் காட்டினால் வலி குறையும், சாப்பிட முடியும் என்று என்னிடம் இங்கிலீஷில் சொன்னார்.

அப்பா வேலை பார்த்த தங்கச் சுரங்கத்தில் வெடி வைப்பதை ஷாட் என்பார்கள். அப்பாவுக்குப் பழகிய வார்த்தையாயிற்றே என்று, "ஒண்ணுமில்லப்பா, ரெண்டு ஷாட்டுதான்" என்றேன்.

நர்ஸ் அவருக்குக் கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டு, "எல்லாரும் தள்ளிப் போங்க" என்றார். அப்பா கண்ணாடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வெளியே ஓடினார்.

"இன்னாப்பா, சின்னக் கொழந்தையா நீ? மானத்த வாங்குறியே!" அத்தனை பேர் முன்னால் கத்தினேன்.

எங்கள் ஊர் சாம்பியன் ரீப்ஸில் ரயிலை விட்டு இறங்கிய பிறகுதான் அப்பா சொன்னார்.

"ஒங்க சித்தப்பா எப்படிச் செத்தான்னு தெரியுமாம்மா? வெடிக்காத ஷாட்டுகிட்ட போனான். அப்பதான் வெடிச்சிச்சு. மூஞ்சியே இல்ல. நான்தான் தூக்கியாந்தேன்."

அது வெறும் வெளிச்சம்தான் என்று பிறகு எவ்வளவோ கெஞ்சினேன். அவர் நம்பவில்லை. இரண்டு மாதத்தில், தண்ணீர்கூட விழுங்க முடியாமல் போய்ச் சேர்ந்தார்.

டாக்டரம்மா லைட் என்றுதான் சொன்னார். முப்பது வருஷம் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு, அதை மட்டுமே நம்பிச் சுரங்கத்துக்குள் இறங்கியவர் அப்பா. நானும் முதலிலேயே லைட் என்று சொல்லியிருந்தால், வாயைத் திறந்திருப்பார்.