வெங்காயத் தோட்டத்து நெடுங்கற்கள்

எழுபத்திரண்டாம் ஆண்டு ஆவணி, ஒரு சனிக்கிழமை. காலை ஆறரைக்குத் திருகோணமலையில் நிலாவெளி பஸ் ஏறினேன். ஒன்பது மைல், ஐம்பத்தைந்து சதம். அரசர்களுக்கு முந்திய காலத்தில் யாரோ நட்ட நெடுங்கற்கள் அங்கே நிற்பதாகக் கேள்வி. யார் நட்டது, எதற்கு நட்டது, ஒருவருக்கும் தெரியாது. பார்த்து எழுதிப் பெயர் வாங்குவது என் திட்டம்.

ஏழேகால். தேநீர்க்கடையில் கல்லைப் பற்றி விசாரித்ததும் பேச்சு அடங்கிவிட்டது. முதலாளி மட்டும், "கீழ புதையல் கிடக்கெண்டு கதை. தலைப்பிள்ளையின்ர ரத்தம் காட்டாமல் எடுக்க ஏலாதாம்," என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, மூலையில் இருந்த கதிர்காமத்தம்பியைக் காட்டினார். "அவற்ர தோட்டத்திலதான் நிக்குது. கூட்டிக்கொண்டு போவார்."

ஐம்பது வயது மனிதர். தோளில் காட்டுக்கத்தி. மேற்கே பற்றைக்காட்டுக்குள் இறங்கியதும், "ஐயா முன்னால நடவுங்கோ," என்றார். வழி தெரிந்தவர் பின்னால், தெரியாதவன் முன்னால். இந்த ஒழுங்கை நான் ஆடு விற்கக் கொண்டுபோகிறவர்களிடம்தான் கண்டிருக்கிறேன்.

அரை மைலில் கேட்டார்: "ஐயா வீட்டில எத்தினையாவது?"

"ஏழாவது," என்றேன். நான் மூத்தவன். ஒரு நொடியில் எனக்கு முன்னே ஆறு பேரைப் பெறவைத்ததற்கு அம்மா மன்னிக்கவேண்டும்.

"பார்த்தால் மூத்த பிள்ளை மாதிரி."

"முகம் மட்டுந்தான். குணமெல்லாம் கடைக்குட்டி."

சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. ஓடலாம், என் தொந்தி சம்மதிக்கவேண்டுமே.

எட்டரை. வெங்காயப் பாத்திகளின் ஓரத்தில் ஆளுயரக் கற்கள் ஐந்து, வரிசையாக. நாலின் அடியில் காய்ந்த புல். நடுக்கல்லின் அடியில் புதுமண். எனக்குள் நடுங்கிக்கொண்டிருந்த ஆடு போய்த் துப்பறிவாளன் எழுந்தான்.

"இது எப்ப நட்டது, அண்ணை?"

"பங்குனியில. நானும் மச்சானும்."

"மற்ற நாலும்?"

"அது என்ர அப்புவுக்கே தெரியாது. இதுவும் முந்தி அப்பிடி நிண்டதுதான். உங்களைப்போல வெள்ளைச் சட்டை போட்ட நாலு பேர் புதையலெண்டு கிண்டி விழுத்திப்போட்டாங்கள். என்ர மாட்டுக்கண்டு அவங்கள் கிண்டின கிடங்குக்குள்ள விழுந்து கால் முறிஞ்சுது." கத்தியை நிலத்தில் குத்தினார். "அப்பிடியானவங்கள் தலைப்பிள்ளை ஒண்டையும் கூட்டிக்கொண்டு வருவாங்களாம். நீங்கள் தனிய வந்தனீங்கள். வெட்ட வந்தனீங்களோ, வெட்டுப்பட வந்தனீங்களோ எண்டு விளங்கேல்லை. அதுதான் முன்னால விட்டனான்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"எனக்குக் காணி உறுதிப் பத்திரம் இல்லை, ஐயா. காணிக்கு எல்லை இந்தக் கல்லுத்தான். கல்லுப் போனால் காணி போச்சு. பழங்காலத்துக் கல்லெண்டு பேப்பரில வந்து அரசாங்கம் வந்தாலும் காணி போச்சு. எழுதப்போறீங்களோ?"

நான் கல் வரிசையைப் பார்த்தேன். நடுக்கல் மட்டும் ஒரு முழம் காட்டுப் பக்கம் தள்ளி நின்றது. ஏனென்று கேட்கவில்லை. கத்தி அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

பதினொன்று. திரும்பும் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவரின் காலடியில் நிலம் கிண்டும் அலவாங்கு, சாக்கு சுற்றியபடி. "கல்லுப் பார்க்கப் போனீங்களாமே, எந்தப் பக்கம்?" என்றார். கிணறு வெட்டுகிறவராகவும் இருக்கலாம். நான் கடலைக் காட்டினேன்.

எங்கள் யாழ்ப்பாணத்தில் வேலி ஒரு முழம் நகர்ந்தால் வழக்குப் போட்டுக் கோட்டுக்குப் போவோம். இங்கே நான் அதற்கு உடந்தை. ஆகவே வாசகர்களே, மேலே எழுதிய ஊர், திசை, தூரம், அவருடைய பெயர் எல்லாம் பொய். சொன்ன இடத்துக்குப் போனால் முள்ளுத்தான் குத்தும். கற்கள் நிற்கின்றன; வெங்காயமும் நன்றாக விளைந்திருக்கிறது.