இரண்டாவது வரி

சௌக்கத் அலி பாய் காலையில் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு ‘பிஸ்மில்லா’ சொன்னாரென்றால், அதற்கப்புறம் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. எண்ணூர் சாலையோரத்து எடைமேடையில் டிரெய்லர்கள் வரிசைகட்டி ஹாரன் அடித்தாலும் சரி. விரல் கீழ் அம்பு பட்டனில், கண் கறுப்புத் திரையில்.

“இன்னா பாய், பொட்டி முழிச்சிக்கிச்சா?” என்பார் டிரைவர் வல்லரசு.

“சும்மா கெட நைனா. கொஞ்சம் அசந்தா புச்சு ஏறிக்கும், அப்பால பேஜாராப் பூடும்.”

விஷயம் இதுதான். லினக்ஸில் ஓடும் அந்தக் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் கெர்னல் இரண்டு. கெர்னல் என்றால், உள்ளே உட்கார்ந்துகொண்டு மற்ற கருவிகளையெல்லாம் கட்டி மேய்க்கிற ஆள். பெட்டியைப் போட்டதும் திரையில் வருகிற முதல் வரி புதியது, இரண்டாவது வரி பழையது. புதியதற்கு எடைமேடையை அடையாளமே தெரியாது. மலை போல சரக்கு ஏற்றிய வண்டி நின்றாலும் பூஜ்யம்தான் காட்டும். கண்மூடித் திறப்பதற்குள் இரண்டாவது வரிக்கு இறங்காவிட்டால் புதியதே ஓடத் தொடங்கிவிடும்.

பெட்டியை அமைத்துக் கொடுத்தவள் மகள் உமைமா. இப்போது புனேயில் வேலை. சாதாரண நாளில் போன் போட்டால், “சாப்டீங்களா அத்தா? மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் பேசறேன்.” அவ்வளவுதான். பெட்டி மக்கர் பண்ணினால் மட்டும் கதையே வேறு. “திரையில என்ன தெரியுது? மெதுவாப் படிங்க” என்று கூடவே இருப்பாள். அந்தக் குரலுக்கு ஏங்கிக் கிடந்தார் பாய். பழைய வரியையே நிரந்தரமாக வைத்துவிடுகிறேன் என்று அவள் சொல்லும்போதெல்லாம், “பெருநாளைக்கு வருவல்ல, நேர்ல பாத்துக்கலாம் கண்ணு” என்று தள்ளிப்போட்டார். பெருநாள் வந்து போனது. பெண் வரவில்லை.

நேற்று அவள் அங்கிருந்தபடியே பெட்டிக்குள் நுழைந்து சரிசெய்துவிட்டாள். “இனிமே நீங்க எதையும் தொட வேணாம் அத்தா. தானா பழசே வரும். உங்களுக்கும் தொல்லை விட்டுச்சு!”

“நல்லதும்மா” என்றார். இரவு சோறு இறங்கவில்லை.

இன்று காலையும் பிஸ்மில்லா சொன்னார். வெளிச்சப் பட்டை தானாகவே இரண்டாவது வரியில் வந்து நின்றது. மேடையில் வண்டியை ஏற்றிவிட்டு வந்த வல்லரசு எட்டிப் பார்த்தார்.

“அதான் பழசுல நின்னுகினு கீதே. வுடு பாய், ஏறிக்கும்.”

பாய் மேல் அம்பைத் தட்டினார். பட்டை முதல் வரிக்கு ஏறியது. என்டரை அழுத்திவிட்டு, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.