எல்லாரும் எழுதும் தளம்

அம்மா வேலை பார்க்கும் ஹோட்டலில், ஊழியர்களுக்கு மட்டுமான இணையதளம் ஒன்றை என்னை அமைத்துத் தரச் சொன்னார்கள்.

அதைப் பற்றி இரண்டு நாள் படித்துவிட்டு மேலாளரிடம் கேட்டேன். “நீங்க மட்டும் எழுதி மத்தவங்க படிக்கிறதா, எல்லாரும் எழுதுறதா? எது வேணும் மாமா?”

“நீயே சொல்லு ஆத்தா.”

எல்லாரும் எழுதுவதுதான் நியாயம் என்றேன்.

நேற்று விடுமுறைப் பட்டியலை ஏற்றினேன். ஒரு நாளைக்கு ஒருவருக்குத்தான் விடுமுறை; சனிக்கிழமை அம்மாவுக்கு. அன்று சிவகங்கையில் எனக்குப் பேச்சுப் போட்டி.

இன்று பள்ளி விட்டு ஹோட்டலுக்குப் போய்ப் பார்த்தால், அம்மா பெயர் இருந்த இடத்தில் சமையல்கார அண்ணன் பெயர்.

“என்னண்ணே, அம்மா பேரை அழிச்சிட்டீக?”

“நீதானே ஆத்தா யார் வேணாலும் மாத்தலாம்னு சொன்ன? அன்னைக்கு என் தங்கச்சிக்கு வளைகாப்பு.”

அம்மா பெயரைத் திரும்பப் போட்டேன். வீடு வந்து சேர்வதற்குள் மறுபடியும் அவர் பெயர்.

எல்லாரும் எழுதலாம், அம்மா பெயரை மட்டும் யாரும் தொடக் கூடாது. அப்படியொரு தளம் தெரிந்தால் சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.