செலிக் தாத்தாவின் சதுரம்

கிளீவ்லாந்தில் எந்த யூத வீட்டுப் பிள்ளைக்கு வயது வந்த விழா எடுத்தாலும், ஹிண்டா ரோத்காஃப் கையால் ஒரு கையெழுத்துப் போர்வை வேண்டும். விருந்து மேசையில் வெள்ளைத் துணிச் சதுரங்களையும் துணிப் பேனாக்களையும் பரப்பி வைப்பாள். வந்தவர்கள் பெயரும் வாழ்த்தும் எழுதுவார்கள். அவற்றை இணைத்துத் தைத்துக் கொடுப்பாள். இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. அந்தத் தெனாவெட்டுதான் அவளைக் கவிழ்த்தது.

டோவா என்ற சிறுமியின் விழா ஒரு சனிக்கிழமை மதியம் ஜெப ஆலயக் கூடத்தில் நடந்தது. பிறகு ஹிண்டா வீட்டில் சதுரங்களை அடுக்கிப் பார்த்தபோது, நடுவில் வைக்க ஒதுக்கிய தாத்தா செலிக்கின் சதுரம் மட்டும் வெறுமையாக இருந்தது. விருந்துக் கும்மாளத்தில் கிழவர் மறந்துவிட்டார், பாவம் என்று நினைத்தாள். யூதப் புத்தாண்டுக்கு அவர் அனுப்பிய வாழ்த்து அட்டை அலமாரியில் இருந்தது. அதிலிருந்த எபிரேயக் கையெழுத்தைப் பார்த்து அச்சு அசலாகப் போட்டுவிட்டாள். நல்லது செய்த நினைப்பு வேறு!

ஹனுக்கா பண்டிகை ஞாயிறன்று டோவா வீட்டில் உருளைக்கிழங்கு அடை பொரிந்துகொண்டிருந்தது. ஹிண்டா கொண்டுவந்த போர்வையை விரித்தார்கள். செலிக்கின் மகனும் டோவாவின் அப்பாவுமான மர்ரே குனிந்து பார்த்துச் சிரித்தான். அது நல்ல சிரிப்பாக இல்லை.

“என்னப்பா இது, ஓய்வுநாள்ல பேனாவத் தொட்டீங்களா? எட்டு வயசுல நான் ஒரு சனிக்கிழமை பூனை வரைஞ்சதுக்குக் கன்னம் பழுக்க விட்டீங்களே! பேத்தின்னா மட்டும் சட்டம் வளையுமோ?”

செலிக் போர்வையைப் பார்த்தார். பிறகு ஹிண்டாவை ஒருமுறை பார்த்தார்.

ஓய்வுநாளான சனிக்கிழமையில் எழுதக் கூடாது என்பதை இப்போது பலர் பார்ப்பதில்லை; ஆனால் செலிக் போன்ற பழையவர்கள் மீற மாட்டார்கள் என்பது ஹிண்டாவுக்குத் தெரியாததா? அவள் அப்பா சனிக்கிழமைகளில் சட்டைப் பையில் பேனாகூட வைத்துக்கொள்ள மாட்டார். அவர் பெற்ற மகள், கிழவர் மறந்துவிட்டார் என்று எப்படி நினைத்தாள்? மறந்தது அவள்தான். ஆனால் அதைச் சொன்னால் இனி யார் அவளை நம்பி ஒரு சதுரம் தருவார்கள்? கிழவர் பழியைச் சுமந்து நிற்க, இவள் அடையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

“பதில் சொல்லுங்கப்பா,” மர்ரே விடவில்லை. “எனக்கு அடி, பேத்திக்குக் கையெழுத்தா?”

கிழவர் தலையைக் குனிந்து, நடுச் சதுரத்தை விரலால் நீவினார்.

“அவர ஒண்ணும் சொல்லாத மர்ரே,” என்றாள் ஹிண்டா. “எழுதுனது நான். அவர் பேனாவத் தொடவே இல்ல. துணி வெறுமையா இருந்துச்சு, நான்தான் அவர் கையெழுத்தத் திருடிப் போட்டேன்.”

“அடிப்பாவி!” என்றாள் டோவாவின் அம்மா. “அப்ப மத்ததெல்லாம்?”

“சத்தியமா அவங்கவங்க எழுதுனது.” சொல்லும்போதே அந்தச் சத்தியம் அவளுக்கே பொய்யாகக் கேட்டது.

மர்ரே அப்பாவின் தோளைத் தொட்டான். அவர் அவன் கையைத் தட்டிக்கொடுத்தார்.

ஹிண்டா பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள். “இதப் பிரிச்சுடுறேன் ஐயா. வேற துணி இருக்கு, இன்னைக்கு நீங்களே எழுதிடுங்க.”

“வேணாம்மா,” என்றார் செலிக். “வெள்ளையாவே வெச்சுத் தை. அன்னைக்கு நான் குடுத்தது அதுதானே?”

எல்லோரும் பார்த்திருக்க, அவள் பிரித்துத் தைத்தாள். முடித்ததும் போர்வையைப் புரட்டி, பின்பக்க மூலையில் வழக்கம்போலத் தைத்திருந்த தன் பெயரையும் பிரிக்கத் தொடங்கினாள். ஒருவரும் தடுக்கவில்லை.